சொர்க்கத்துக்கு மாநகராட்சி வரி இல்லை

ஊர் வளர்ந்த பிறகு ரியல் எஸ்டேட்காரர் வருவதுதான் வழக்கம். லாஸ் வேகஸில் முதலில் வந்தவரே அவர்தான். 1905 மே மாதம் ரயில் கம்பெனி வெயிலில் மேடை போட்டு மனைகளை ஏலம் விட்டது. ஊர் பின்னால் வந்து சேர்ந்தது.

1931இல் இந்த ஊர் இருக்கும் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டு, ஆறு வாரம் தங்கினால் விவாகரத்து கேட்கலாம் என்றும் சலுகை தந்தது. முன்யோசனைக்காரர்கள்! 1950களில் ஊரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி அணுகுண்டுச் சோதனை நடந்தபோது, அதை வேடிக்கை பார்க்கவும் ஹோட்டல்கள் விருந்து வைத்தன.

இதில் பெரிய கூத்து, உலகமே படம்பிடிக்கும் அந்தச் சூதாட்டச் சாலையில் பெரும்பகுதி லாஸ் வேகஸ் எல்லைக்குள்ளேயே இல்லை. மாநகராட்சி அதை இணைத்து வரி போடப் பார்த்தது. சூதாட்ட விடுதி முதலாளிகள் உஷாராகி, 1950இல் அதைத் தனிப் பகுதியாக அறிவிக்க வைத்தார்கள். பெயர் பாரடைஸ். சொர்க்கத்தில் மேயரின் ரசீது புத்தகம் செல்லாது.

வரிக்குத் தப்பினாலும் தண்ணீருக்குத் தப்ப முடியாது. இந்த வட்டாரத்தின் குடிநீரில் சுமார் 90 சதவீதம் கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. ஆறு வற்றுவதால், அந்த நீரில் அலங்காரப் புல் வளர்க்க 2027 முதல் தடை. பெல்லாஜியோ ஹோட்டல் வாசலில் இசைக்கு ஆடும் நீரூற்றுக்குக் கவலையில்லை. அதற்குச் சொந்தக் கிணறு இருக்கிறது.