பாடம் ஓசி, பரீட்சை காசு

இங்கிலாந்தில், லண்டனைத் தாண்டி எந்த ஊருக்குப் போனாலும் காட்சி ஒன்றுதான். ஒரு சர்ச் ஹால். பாதிதான் சுடும் ரேடியேட்டர். மடக்கு நாற்காலிகளை விரித்துப் போடுவது குடியேறியவர்களுக்கு ஆங்கிலப் பாடம் எடுக்க வந்த டீச்சரம்மாவேதான். ரிட்டயரானவர். ஏழு மணிக்கு யோகா கூட்டம் வந்துவிடும்; அதற்குள் மடக்கியும் வைக்க வேண்டும். சம்பளம் கிடையாது. ஜெராக்ஸ் அவர் செலவு. பிஸ்கட்டும் அவர் செலவு.

அன்றைய பாடம், 999ஐ அழைத்து உதவி கேட்பது. டீச்சரம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நோயாளியாகிறார். சூடான்காரர் ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். யாழ்ப்பாணத்து அக்கா, "ஐ நீட் அன் ஆம்புலன்ஸ்" என்று நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி, உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறார். அடுத்தது போஸ்ட்கோடு. அங்கேதான் எல்லாருக்கும் நாக்கு இடறுகிறது.

சூடான்காரர் புகலிடம் கேட்டு வந்தவர். ஹோட்டலில் வைத்திருக்கிறார்கள். முதல் ஆறு மாதம் அரசுச் செலவில் அவருக்கு ஆங்கில வகுப்பு இல்லை. முதல் ஓராண்டு வேலை பார்க்கவும் அனுமதி இல்லை. கைச்செலவுக்கு வாரம் பத்து பவுண்டுகூடத் தேறாது. பஸ் டிக்கெட் 3 பவுண்டு வரை. போய்வர ஆறு. மீதிச் சில்லறையில் அவர் பிரிட்டிஷ் சமூகத்தோடு ஒருங்கிணைய வேண்டும்.

ஆங்கிலம் சொல்லித்தரும் இந்த வேலை அரசு செய்ய வேண்டியதல்லவா? செய்துகொண்டுதான் இருந்தது. 2010இல் குடியேறியவர்களின் ஆங்கில வகுப்புக்கு அது ஒதுக்கியது ஏறத்தாழ 20 கோடி பவுண்டு. 2016இல் பாதிக்கும் கீழே. இடையில் ஆங்கிலம் எளிதாகிவிடவில்லை. மந்திரிகளின் உபதேசம்தான் நீண்டது. 2025 மே மாதம் பிரதமர் கீர் ஸ்டார்மர், நாடு அந்நியர்களின் தீவாகிவிடும் என்று பயமுறுத்தினார். மொழித் தகுதியை இன்னும் ஏற்றப்போவதாக வெள்ளை அறிக்கை வந்தது. அடுத்த மாதமே, அப்படிப் பேசியதற்கு வருந்துகிறேன் என்றார். பேச்சுக்குத்தான் வருத்தம். அறிக்கை அப்படியே இருந்தது.

ஜூன் முதல் வாரம் தன்னார்வலர் வாரம். கழுத்துச் சங்கிலியோடு மேயர் வருவார். டீச்சரம்மாவுக்குச் சான்றிதழ், கைகுலுக்கல், போட்டோ. "நீங்கள் மட்டும் இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்திருப்போமோ!" என்று உருகுவார். என்ன செய்தீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும் ஐயா. வகுப்பை மூடினீர்கள்.

கஜானா காலி என்று நினைத்துவிடாதீர்கள். பாடத்துக்குத்தான் காசில்லை, பரீட்சைக்குக் கல்லா எப்போதும் திறந்திருக்கிறது. குடியுரிமைக்கான 'லைஃப் இன் த யூகே' தேர்வு: 24 கேள்வி, 45 நிமிடம், 50 பவுண்டு. தோற்றால் மறுபடியும் 50. குடியுரிமை விண்ணப்பத்துக்கு 1,600 பவுண்டுக்கு மேல். ஒரு விண்ணப்பத்துக்கு ஆகும் செலவு எவ்வளவு, வாங்குவது எவ்வளவு என்று உள்துறையே பட்டியல் போட்டு வெளியிடுகிறது. மறைக்கக்கூட வெட்கமில்லை.

அந்தக் காசுக்கு என்ன கேட்கிறார்கள்? 2013இல் வந்த தேர்வுக் கையேட்டில் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரும் வரிசையாக நிற்கிறார்கள். ஆம்புலன்ஸை அழைக்கத் தெரிந்திருக்கத் தேவையில்லை, லண்டன் ஐ ராட்டினத்தின் உயரம் தெரிந்திருக்க வேண்டும், இது என்ன தேர்வு என்று டர்ஹம் பல்கலைக்கழகத்தின் டாம் புரூக்ஸ் கிழித்துத் தொங்கவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டீச்சரம்மா நடத்தும் பாடத்துக்கு மதிப்பெண் பூஜ்யம். அந்த மனைவியரில் ஒருவரான ஆன் பொலின் தலை போன கதைக்கு ஒன்று.

இந்த மாதிரிக் கேள்விகளில் ஒரு பிரதமரே மாட்டியதுண்டு. 2012 செப்டம்பரில், நியூயார்க்கில் டேவிட் லெட்டர்மேனின் டிவி நிகழ்ச்சி. தேசபக்திப் பாடலான 'ரூல் பிரிட்டானியா'வுக்கு இசை அமைத்தவர் யார் என்று டேவிட் கேமரனைக் கேட்டார்கள். எல்கர் என்று அடித்துவிட்டார். அமைத்தவர் தாமஸ் ஆர்ன். ஈட்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்த மனிதர். கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார். மறுபரீட்சைக்கு 50 பவுண்டு கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நாடு திரும்பி ஆட்சியைத் தொடர்ந்தார். 2015 ஜூலையில் அவர் அரசு, வேலை தேடுவோரின் ஆங்கில வகுப்பிலிருந்து நாலரைக் கோடி பவுண்டை உருவியது. ஆறே மாதம். 2016 ஜனவரியில், முஸ்லிம் பெண்கள் ஆங்கிலம் கற்க இரண்டு கோடி என்று வள்ளலாக வந்து நின்றார். நாலரையைப் பிடுங்கி இரண்டை நீட்டினால் அதற்குப் பெயர் நலத்திட்டம். அதே மூச்சில், மனைவி விசாவில் வந்தவர்களின் ஆங்கிலம் இரண்டரை ஆண்டில் தேறாவிட்டால், இங்கே தொடர்ந்து இருக்கலாம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றார். வகுப்பைப் பூட்டிய கையாலேயே அவர்களுக்கு வாசலையும் காட்டினார்.