கொயிலோவர் மாப்புள

வா மனே, இரி. போனை அங்கால வை. நீ காட்டப் போற வீடியோவ உன்ட தம்பி நேத்தே காட்டிட்டான். அமெரிக்காவில எங்கயோ ஒரு பாலைவனம், ஒரு வாகனம் மண்மேட்டால பாய்ஞ்சு, ஆகாயத்தில நிண்டு, ஒரு குலுக்கல் இல்லாம இறங்குது. பாக்க நல்லாத்தான் இரிக்கு. அதப் பாத்துட்டு நீயும் டபுள் கேப்புக்கு முன்பக்கம் டோர்ஷன் பாரைக் கழட்டி எறிஞ்சிட்டு, சொக்கைச் சுத்திக் கொயில் வெச்ச கொயிலோவர் போடப் போறியாம். மாஷா அல்லாஹ். ஒண்டு மட்டும் சொல்லு. கல்முனையில இருந்து ஒலுவில் போற வழியில எந்த இடத்தில பாயப் போறாய்? காரைதீவுச் சந்தியிலயா, நிந்தவூர்லயா? அந்த ரோட்டு முழுக்கக் காபட். வேணுமெண்டா பள்ளிவாசலுக்கு முன்னால இரிக்கிற வேகத்தடையில பாயலாம். பொறகு மரைக்கார்மாருக்குப் பதில் சொல்லுறதும் நீதான்.

சிரிக்காத. கிழவனுக்கு என்ன தெரியும் எண்டு நினைக்கிறாய். நான் வில்லிஸ் ஜீப் ஓட்டின ஆள். ரெண்டாம் உலக யுத்தத்துக்கு எண்டு செஞ்ச சாமான், நாலு சில்லுக்கும் லீப் தகடு. மண்ணில ஏறினா முதுகெலும்பு ஒவ்வொண்டையும் எண்ணிக்கிடலாம். ஆனாலும் அந்தத் தகட்டுக்கு ஒரு குணம் இரிக்கு. அது பாரத்தை மட்டும் தாங்குறதில்ல, எக்சலையும் முன்ன பின்ன அசையாமப் பிடிச்சிக்கிட்டு நிக்கும். அதால லீப்பைக் கழட்டிக் கொயில் போடுறவன் எக்சலைப் பிடிக்கிறதுக்கு வேற கம்பிகளும் போடணும். உன்ட வாகனத்தின்ட முன்பக்கம் அந்தச் சோலி இல்ல, இரும்புக் கைகள்தான் சில்லைப் பிடிச்சிக்கிட்டு இரிக்கு. உனக்குள்ள சோலி வேற.

டோர்ஷன் பார் எண்டா என்ன? நீட்டு இரும்புக் கம்பி. ஒரு நுனி சில்லுப் பிடிக்கிற கையில, மத்த நுனி சட்டத்துக்குக் குறுக்கால போற இரும்பில. சில்லு மேல எழும்பினா கம்பி முறுகும், முறுகினது திரும்பப் பாக்கும். அதுதான் அதுக்கு ஸ்பிரிங். உன்ட வாகனத்தின்ட முன்பாரம் கம்பிக்குக் குடுக்கிற முறுக்கு அந்தக் குறுக்கு இரும்பிலதான் போய் நிக்குது. சொக் அப்சோபர் மேல மாட்டியிரிக்கிற பிரேக்கட்டு இரிக்கே, அது ஒரு நாளும் பாரம் தூக்கினதில்ல. ஆட்டத்தை அடக்கினது மட்டும்தான் அதுக்குத் தெரிஞ்ச வேலை. நீ கொயிலோவரை அதே போல்ட்டில மாட்டினா, கதவுப் பிணைச்சலில கூரையத் தூக்கி வெச்ச மாதிரி. முதல் மாசம் வெல்டிங்கில ஒரு மயிர்க் கீறல் விழும். ரெண்டாம் மாசம் அந்தக் கீறலுக்குள்ள துரு. மூணாவது மாசம் பொத்துவில் ரோட்டில உன்னைத் தேடி நான் லேண்ட்மாஸ்டரில வரணும்.

கம்பெனிக்காரனும் மாத்தினான்தானே எண்டு கேப்பாய். ஓம், மாத்தினான். 2004ல வந்த வீகோவில டொயோட்டாக்காரன் ஹைலக்ஸுக்கு டோர்ஷன் பாரை விட்டுட்டு முன்பக்கம் கொயில் வெச்சான். ஆனா அவன் சட்டத்தையும் கைகளையும் சேத்துப் புதுசா வரைஞ்சான். நீ ஸ்பிரிங்கை மட்டும் மாத்திட்டுச் சட்டத்துக்கு சலாம் சொல்லப் பாக்கிறாய்.

வெல்டிங் பாஸிட்டக் கணக்கும் கேக்கணும். கையின்ட நீளத்தில சரிபாதியில ஸ்பிரிங்கை ஊண்டினா, சில்லுக்கு அதின்ட கடினத்தில கால்வாசிதான் போய்ச் சேரும். நெம்புறதில பாதி, அமுங்கிற தூரத்தில பாதி. பாதியில பாதி கால். இது விளங்காம வீடியோவில கண்ட நம்பரை ஓர்டர் பண்ணினவனுக்கு ரெண்டில ஒண்டு நடக்கும். பிரேக் பிடிக்க மூக்கு நிலத்தில முட்டும், இல்லாட்டி ட்ரக்டரை விட மோசமாத் தூக்கி அடிக்கும். இதுக்கு மேல, நீ கொயிலோவரின்ட காலை ஊண்ட நினைக்கிற இடத்தாலதான் சில்லுக்குப் போற ட்ரைவ் ஷாப்டும் போகுது. அதுக்கு ஒதுங்கி வழி விடணும்.

போன வருசம் நீ செஞ்ச கூத்தும் எனக்குத் தெரியும். டோர்ஷன் பார் போல்ட்டை இறுக்கி முன்னால தூக்கி வெச்சாய். கம்பி இறுகிட்டு, அதுதான் குலுக்குது எண்டு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாய். போல்ட்டை இறுக்கினா கம்பி கடினமாகாது மனே, வாகனம்தான் உயரும். சில்லுக்குக் கீழ இறங்க இடமில்லாமப் போச்சு, பள்ளத்தில விழுந்த உடனே கை போய் ஸ்டொப்பரில அடிக்குது. போல் ஜொயின்டும் ட்ரைவ் ஷாப்டும் கோணலில நிண்டு தேயுது. அந்தப் போல்ட்டைப் பழைய இடத்துக்கு இறக்கு, தேஞ்ச புஷ்களை மாத்து, நல்ல சொக் நாலு போடு. உன்ட குலுக்கல் பாதி போயிடும். கடற்கரை மணலில புதைஞ்சா டயர்க் காத்தை பதினாறு, பதினெட்டுக்கு இறக்கு. சும்மா போற காத்து, ஒரு சதம் செலவில்ல. திரும்ப ரோட்டுக்கு ஏறக்குள்ள அடிச்சிடணும், அது மட்டும்தான்.

பாணமை தாண்டி உகந்தை, குமண வாசல், அதுக்குள்ள நாள் முழுக்க ஜீப் ஓட்டி உழைக்கிறவன் கேட்டா நான் வேற கதை கதைப்பன். கிறவலில நாள் பூராக் குலுங்குற சொக் சூடேறி உயிர் விடும், அவனுக்குப் பெரிய சொக் ஞாயம்தான். நீ மாசத்துக்கு ஒருக்கா அறுகம்பையில தேத்தண்ணி குடிக்கப் போற ஆள். நம்மட கடற்காத்து கொயிலோவரின்ட உயரம் மாத்துற புரியில ஏறினா, ரெண்டு மாரிக்குப் பொறகு அது வளையமில்ல, ஒட்டின இரும்பு. உள்ளுக்குச் சீல் போனா நைட்ரஜன் அடிக்கிறவனையும் தேடணும். பாகம் கொழும்புப் பஞ்சிகாவத்தையில கிடைக்கும் எண்டு மட்டும் சொல்லாத. 2020ல வாகன இறக்குமதிய மறிச்சு 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்துக்குத் திறந்து விட்டாங்க. அந்த அஞ்சு வருசமும் நாடே பழைய வாகனத்தைத்தான் தைச்சுத் தைச்சு ஓட்டினது, அங்க யாரும் உனக்காக மிச்சம் வெச்சிருக்க மாட்டாங்க.

இவ்வளவு சொல்லியும் முகத்தில ஒரு மாத்தமும் இல்ல. போடத்தான் போறாய். அப்ப ஒழுங்காப் போடு. சட்டத்தில தடிச்ச தகடு வெச்சு, ரெண்டு பக்கத்தையும் சேத்து மேலால வளைவு கட்டச் சொல்லு. வெல்டிங்குக்கு முந்திப் பெட்டரி வயரைக் கழட்டு. கொயிலை மாட்டாம வெறும் சொக்கோட சில்லை அடியில இருந்து உச்சி வரைக்கும் தூக்கி இறக்கிப் பாரு. பிரேக் ஹோஸ் இழுபடுதா, டயர் எங்க உரசுது, ட்ரைவ் ஷாப்டு எங்க இறுகுது, எல்லாம் அப்பதான் தெரியும். மேல முட்டுறத றப்பர் ஸ்டொப்பர் தாங்கணும், கீழ இழுபடுறத வார் தாங்கணும். சொக்கு ரெண்டையும் தாங்கப் போனா உடையும். கடைசியா அலைன்மென்ட். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலயும் இன்சூரன்ஸ்காரனிட்டயும் முதல்லயே கேட்டு வை.

பின்னால லீப் தகடுதானே? அத மாத்தாத. எல்லாம் பூட்டி முடிஞ்சதும் ஒரு சோதனை ஓட்டம் வேணும். மழைக்கு முந்தி சம்மாந்துறை வட்டைக்கு என்ட விதை நெல்லு போகணும். பின்னுக்கு மூட்டைய அடுக்கு. முன்சீட்டில உன்ட மாமிய ஏத்து. அவ ஏறக்குள்ள படி உயரம் பாக்கலாம், இருந்த உடனே கொயில் எவ்வளவு அமுங்குது எண்டும் பாக்கலாம். நான் பின்னால மூட்டைக்கு மேல இரிந்து வாறன்.