பத்தாதா, போதாதா, காணாதா?

கே: ‘பத்தாது’ என்றால் பத்து ஆகாது என்றா பொருள்?

ப: எண்ணுக்கும் அதற்கும் உறவே இல்லை. ‘பற்றாது’தான் பேச்சில் ‘பத்தாது’ ஆனது. நேற்று ‘நேத்து’ ஆகவில்லையா? ‘பற்று’ என்ற வினைக்குப் பிடித்தல் மட்டுமல்ல, போதியதாதல் என்ற பொருளும் உண்டு.

கே: எழுதும்போது அதைத் தவிர்த்து ‘போதாது’ என்று போடுவதுதானே முறை?

ப: எதற்குத் தவிர்க்க வேண்டும்? சட்டமன்றத்தில் வாசிக்கும் ‘வருவாய்ப் பற்றாக்குறை’யும் அடுப்படியில் கேட்கும் ‘உப்பு பத்தலை’யும் ஒரே வேர். ‘பிள்ளைக்குப் போன வருஷச் சட்டை பத்தலை’ என்பதை ‘போதவில்லை’ என்று மாற்றிப் பாருங்கள். சட்டை சிறிதாகிவிட்டது என்பது போய், இன்னும் இரண்டு சட்டை வேண்டும் என்றாகிவிடும்.

கே: பற்றாகுறையா, பற்றாக்குறையா?

ப: ‘க்’ கட்டாயம். ‘பற்றாத’ என்பதன் ஈறு கெட்டு ‘பற்றா’ என நின்றால் அடுத்து வல்லினம் மிகும். செல்லாக்காசு, தீராப்பகை எல்லாம் அப்படித்தான்.

கே: யாழ்ப்பாணத்துச் சம்பந்தி வீட்டார் பந்தியில் ‘காணும், காணும்’ என்கிறார்களே, எதைக் காண?

ப: அகப்பையை நிறுத்துங்கள். ‘போதும்’ என்கிறார்கள். ‘காணாது’ என்றால் இன்னும் போடுங்கள்.

கே: ‘படம் நன்றாக ஓடியது, போதாக்குறைக்கு விருதும் கிடைத்தது’ – சரியா?

ப: தவறு. போதாக்குறைக்கு வருவது மேலும் ஒரு தொல்லைதான். விருதுக்கு ‘அதோடு’ போதும்.

கே: என் மகன் நாட்குறிப்பில் ‘நான் போதாதவன்’ என்று எழுதியிருக்கிறான். இது தமிழா?

ப: இலக்கணம் தடுக்காது. ஆனால் வழக்கு வேறு. ‘எனக்கு அனுபவம் பத்தாது’, ‘அவளுக்கு வயசு பத்தாது’ என்றுதான் நம் வீடுகளில் சொல்வோம். குறை அனுபவத்துக்கு, வயதுக்கு. ஆள் நான்காம் வேற்றுமையில் சற்றுத் தள்ளி நிற்கிறார். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, எது பத்தவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு உட்கார்ந்து பேசுங்கள், இன்றைக்கே.

கே: கட்டுப்படியாகாது, போதாது – இரண்டும் ஒன்றா?

ப: இல்லை. ‘இந்த விலைக்குக் கத்தரிக்காய் கட்டுப்படியாகாது’ என்பார் விற்பவர். ‘ஐந்து பேருக்கு அரைக் கிலோ போதாது’ என்பார் வாங்குபவர்.