பவளத்துக்கு எத்தனை வாட்?

துபாய் சத்வாவில் செடிக்கடை, கிளிக்கடை, வண்ணமீன் கடை எல்லாம் கலந்து கிடக்கும் ‘பிளான்ட் ஸ்ட்ரீட்’ பக்கம் சும்மா வேடிக்கை பார்க்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவது அபூர்வம். அப்படித் திரும்பாதவர்களின் கேள்விகள் இந்த இதழில். உப்புத் தண்ணீர்த் தொட்டி, அதில் பவளம், அதன் தலைக்கு மேல் விளக்கு.

பவளத் தொட்டி வைக்கப் போகிறேன். எந்த விளக்கு வாங்கலாம்?
— *அவசரக்காரர், சத்வா*

எந்தப் பவளம் என்று எழுதவே இல்லையே! பவளம் செடியல்ல, கல்லுமல்ல, ஓர் உயிரினம். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தை வைத்துச் சர்க்கரை தயாரித்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்கு வாடகையாகக் கொடுப்பவை அவைதான். ஆகவே நீங்கள் வாங்கப் போவது அலங்கார விளக்கு அல்ல, சமையலறை.

அந்தப் பாசிக்குப் பயன்படும் ஒளியைப் ‘பார்’ என்ற அளவால் குறிக்கிறார்கள். மஷ்ரூம், லெதர், ஜோவாந்தஸ் போன்ற மெத்தென்ற வகைகளுக்கு 50 முதல் 100 பார் போதும். ஹேமர், டார்ச் மாதிரி சதைப்பற்றுள்ளவை 100, 150 கேட்கும். மான்கொம்பு போலக் கிளைக்கும் அக்ரோபோராவுக்கு 250-க்குக் குறைந்தால் கோபம் வரும். சத்வா மொட்டை மாடியில் நண்பகல் வெயில் ஏறக்குறைய 2,000 பார். அந்த வெயிலுக்குக் கடலே மேலிருந்து வடிகட்டி போட்டிருக்கிறது, நாம் ஏன் அவசரப்பட வேண்டும்?

பவளத்தை முடிவு செய்யுங்கள். பிறகு தொட்டியின் நீளம், அகலம், ஆழம். விளக்கு கடைசியில். கடைக்காரர் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வார்; அது அவர் தொழில்.

வாட் அதிகமாக இருந்தால் நல்லதுதானே?
— *கராமா வாசகர்*

மின்சாரம் விற்கும் டீவாவுக்கு நல்லது.

கடையில் பச்சையும் ஆரஞ்சுமாக ஜொலித்த பவளம், வீட்டுக்கு வந்ததும் பழுப்பாகிவிட்டது. ஏமாற்றிவிட்டாரா?
— *நொந்தவர், தேரா*

அவர் விளக்கைப் போட்டார், மயங்கியது நீங்கள். பல பவளங்களில் ஒளிரும் புரதங்கள் உண்டு. நீல வெளிச்சத்தை உறிஞ்சிப் பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பி உமிழும். அதனால்தான் எல்லாக் கடையிலும் ஊதா கலந்த நீலம் எரிகிறது. வீட்டில் வெள்ளை விளக்கைப் போட்டதும் அந்த ஜொலிப்பு பகல் வெளிச்சத்தில் அமுங்கிவிடும். புடவைக் கடையில் ட்யூப்லைட்டை நம்பாமல் வாசலுக்கு எடுத்துப்போய் நிறம் பார்ப்பீர்களே, அதே புத்தி இங்கேயும் வேண்டும். “வெள்ளையைப் போட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

இந்தப் புரதங்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஜெல்லிமீனில் கண்டுபிடித்த பச்சைப் புரதத்துக்கு 2008-ல் வேதியியல் நோபல் பரிசே கிடைத்தது. அதன் சிவப்புத் தம்பியை 1999-ல் ரஷ்ய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எதில் தெரியுமா? மாஸ்கோவில் ஒரு வீட்டுத் தொட்டியில் வளர்ந்த பவளங்களில். கடலே இல்லாத ஊர். உங்கள் ஆர்வத்தைக் கேலி செய்யும் அறை நண்பர்களிடம் இதைச் சொல்லலாம்.

நீலத்தைப் போட்டும் பழுப்பாகவே இருக்கிறதா? அப்படியானால் உள்ளே குடியிருக்கும் பாசி அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது. வெளிச்சம் குறைவு, அல்லது தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதிகம். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். மீனுக்குத் தீனி போடும் கையையும்.

அப்படியானால் வெள்ளையே வேண்டாம், நீலம் மட்டும் போதுமா?
— *சிக்கனக்காரர், ஷார்ஜா*

பவளத்துக்குக் கிட்டத்தட்டப் போதும். கடலில் சிவப்பு வெளிச்சத்தை முதல் சில மீட்டர்களிலேயே தண்ணீர் குடித்துவிடும். ஆழத்துக்குப் போய்ச் சேர்வது நீலம்தான். பாசியும் அதற்கே பழகியிருக்கிறது. ஆனால் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மாமியார் ஆழ்கடலில் பிறந்தவர் அல்லவே! கொஞ்சம் வெள்ளை கலந்தால் மீன்களும் மீனாகத் தெரியும், மனிதர்களும் மனிதர்களாகத் தெரிவார்கள்.

இந்த நீல எல்.ஈ.டி.யைப் பிரகாசமாக எரியவைக்க ஜப்பானில் பிறந்த அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் பட்ட பாட்டுக்கு 2014-ல் இயற்பியல் நோபல். அவர்கள் வேலையால் உலகத்துக்குச் சிக்கனமான வெள்ளை விளக்கு கிடைத்தது. பவளம் வளர்ப்பவர்களுக்கு அந்த நீலமே நேரடியாகக் கிடைத்தது.

ஊருக்கே திரும்புகிற நண்பர் 250 வாட் மெட்டல் ஹாலைட் இரண்டை அடிமாட்டு விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?
— *பழைய பொருள் பிரியர், சத்வா*

கணக்குப் போடுவோம். இரண்டும் சேர்ந்து 500 வாட். ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என்றால் மாதம் 135 யூனிட். முதல் படி விலை யூனிட்டுக்கு 23 ஃபில்ஸ். சர்சார்ஜ், வாட் வரி எல்லாம் தனி. 31 திர்ஹாம் ஆகிறது. அதே தொட்டிக்கு 150 வாட் எல்.ஈ.டி. போட்டால் 9 திர்ஹாம் சொச்சம். 22 திர்ஹாம்தானே மிச்சம் என்று தோன்றும். ஆனால் அந்த 500 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் இறங்கும். அதை வெளியே தள்ள ஏசி தனியாக உழைக்கும், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் உழைக்கும். பல்பையோ வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். துபாயில் ஆகஸ்டில் வீட்டுக்குள் இன்னொரு சூரியனைத் தொங்கவிடுவது வீரம்தான், விவேகம் அல்ல.

நியாயமாகச் சொன்னால், மெட்டல் ஹாலைட்டில் தண்ணீருக்குள் ஆடும் அந்த அலை வெளிச்சத்தின் அழகே தனி. பழைய கைகள் இன்றும் அதன்மேல்தான் சத்தியம் செய்வார்கள். நிழல் விழாமல் சீராகப் பரவ வேண்டுமென்றால் நாலடி, 54 வாட் டி-5 குழல் விளக்குகள் நல்லவை. ஏறத்தாழ ஒரு வருஷத்தில் அவற்றின் நிறம் பிசகிவிடும். நம் கண்ணுக்குத் தெரியாது, பவளத்துக்குத் தெரியும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு என் ஓட்டு எல்.ஈ.டி.க்கே. நண்பரை விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து வழியனுப்புங்கள், விளக்கோடு சேர்த்து.

போனில் லக்ஸ் அளக்கும் ஆப் இருக்கிறதே, அது போதாதா?
— *முசஃபா வாசகர்*

போதாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான கணக்கு. பச்சை, மஞ்சளைப் பெரிதாக எண்ணும். நீலத்தைச் சில்லறையாக எண்ணும். பவளத்தின் கணக்கு நேர்மாறு. தண்ணீருக்குள் விடும் பார் மீட்டர் விலை அதிகம், தேவையோ ஒரே நாள். இந்தப் பொழுதுபோக்கு உள்ள நண்பர் யாரிடமாவது இரவல் கேளுங்கள்.

இந்த வளைகுடாக் கடலில் பவளம் 35 டிகிரி வரை தாங்கும் என்று படித்தேன். பிறகு எனக்கு எதற்கு சில்லர்? புது விளக்கு போட்ட மூன்றாம் நாளே என் பவளம் வெளுத்துவிட்டது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
— *படித்தவர், சத்வா*

உண்டு. நீங்கள் படித்ததும் உண்மை. இந்தக் கடல் கோடையில் 35 டிகிரியைத் தொடும், குளிர்காலத்தில் 18-க்குக் கீழும் இறங்கும். இவ்வளவு ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் பவளம் உலகில் வேறெங்கும் அரிது. அதற்கு ஒரு காரணம், அவற்றுக்குள் குடியிருக்கும் சூடு தாங்கும் தனிவகைப் பாசி. 2015-ல்தான் ஆய்வாளர்கள் அதைப் புதிய இனமாக அறிவித்தார்கள். ஆனால் உங்கள் தொட்டியில் இருப்பது பெரும்பாலும் இந்தோனேஷியாவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ விசாவில் வந்தது. அதற்கு 25, 26 டிகிரிதான் சொந்த ஊர். அதுவும் போக, ஊர்க்காரப் பவளத்துக்கும் ஒரு எல்லை உண்டு. 2017 கோடையில் அபுதாபிக் கடலோரத்தில் பெரும்பாலான பவளங்கள் வெளுத்தன. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செத்தே போயின.

வெளுப்பது எப்படி? பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் ஓரளவு வெளிச்சத்தைத்தான் கையாளும். அதற்கு மேல் கொட்டினால் சர்க்கரைக்குப் பதிலாக நச்சான ஆக்சிஜன் வகைகள் உருவாகின்றன. பவளம் தன்னைக் காத்துக்கொள்ள, சோறு போட்ட குடித்தனக்காரரையே வெளியேற்றிவிடும். பாசி போனதும் உள்ளே இருக்கும் வெள்ளை எலும்பு தெரிகிறது. அதுதான் வெளுப்பு. சூடு ஏறினால் அந்த இயந்திரத்தின் தாங்கும் சக்தி குறைகிறது. நேற்று சரியாக இருந்த வெளிச்சமே இன்று அதிகமாகிவிடும். மன்னார் வளைகுடாவில் ஏப்ரல், மே மாதங்களில் நடப்பதும் இதுதான்.

நீங்கள் செய்தது, புது விளக்கை முதல் நாளே முழு வேகத்தில் விட்டது. உடனே பாதியாகக் குறையுங்கள். பவளத்தைத் தொட்டியின் அடியில் இறக்கி வையுங்கள். வாரத்துக்கு ஐந்து சதவீதம் மட்டும் ஏற்றுங்கள். இன்னும் சதை உயிரோடு இருந்தால் நிறம் திரும்ப வாய்ப்பு உண்டு. ஏசி மக்கர் செய்து தண்ணீர் சூடாகும் நாளில் முதலில் குறைக்க வேண்டியதும் விளக்கையே. இதை எந்தப் பெட்டியின் மேலும் அச்சிட்டு நான் பார்த்ததில்லை.

என் கணவர் இரவெல்லாம் நீல விளக்கை எரிய விட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.
— *ஒரு மனைவி, சத்வா*

அவருக்கும் தூக்கம் தேவை, பவளத்துக்கும் இருட்டு தேவை. பல பவளங்கள் கைகளை விரித்து இரை பிடிப்பதே இருட்டில்தான். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் போதும். வேலை முடிந்து வந்து ரசிக்க ஆசை என்றால் டைமரை மதியம் இரண்டுக்குத் தொடங்கி இரவு பதினொன்றுக்கு முடியும்படி வையுங்கள். பவளத்துக்குத் துபாய் நேரம் தெரியாது. பதினொன்றுக்கு மேலும் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தால் பிரச்சினை விளக்கில் இல்லை.

ஒரே அறையில் ஆறு பேர். கீழ்க்கட்டில் என்னுடையது. பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி வைக்கலாமா?
— *பெட் ஸ்பேஸ் பேச்சிலர், சத்வா*

முப்பது வாட்டுக்குள் ஒரு சிறிய எல்.ஈ.டி., நாலு மஷ்ரூம், கொஞ்சம் ஜோவாந்தஸ். விளக்குப் பக்கம் பிரச்சினை இல்லை. ஏசி அறையில் தண்ணீர் மளமளவென்று ஆவியாகும், உப்பு ஏறும், ஆர்.ஓ. தண்ணீரைத் தினமும் ஊற்ற வேண்டும். தொட்டி சிறிதாகச் சிறிதாக இந்தத் தொல்லை பெரிதாகும். அதற்கெல்லாம் முன்னால், நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்கும் மேல்கட்டில்காரரிடம் அனுமதி வாங்குங்கள். தண்ணீரைவிட அவர் பொறுமை சீக்கிரம் வற்றும்.

நான் தூத்துக்குடிக்காரன். வெகேஷனுக்குப் போகும்போது நம் கடலிலிருந்தே ஒரு துண்டு பவளம் எடுத்து வந்தால் காசு மிச்சம்தானே?
— *ஊர்ப்பாசம், சத்வா*

போவது வெகேஷனில், திரும்புவது ஜாமீனில். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2001 முதல் பவளங்களையும் காக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. சுண்ணாம்புக்காக அங்கே பவளப் பாறையை வெட்டியெடுத்த காலம் ஒன்று இருந்தது. அதன் விளைவைத் தாத்தாக்களிடம் கேளுங்கள். கல் பவளங்கள் எல்லாமே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. எல்லை தாண்ட ஆவணம் வேண்டும். நடந்தே போய்விடக்கூடிய ஜுமேரா கடலிலும் கை வைக்காதீர்கள். தொட்டியில் வளர்ந்த பவளத்திலிருந்து வெட்டிய துண்டைக் கடையில் கேட்டு வாங்குங்கள். அது விளக்குக்கும் ஏற்கெனவே பழகியிருக்கும்.

ஜூலையில் ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். தொட்டி விளக்கை என்ன செய்வது?
— *குடும்பத்தலைவர், சத்வா*

நேரத்தை ஆறு மணியாகவும் வேகத்தை முக்கால் பங்காகவும் குறைத்து, டைமரில் விட்டுச் செல்லுங்கள். விளக்கே எரியாவிட்டாலும் பவளம் மூன்று நாள் சமாளிக்கும். ஏசி நின்றால் அந்த அறையில் ஒரு நாள்கூடத் தாங்காது. பக்கத்து வீட்டில் நம்பிக்கையானவரிடம் சாவியைக் கொடுங்கள். பில்லுக்குப் பயந்து ஏசியை மட்டும் அணைத்துவிட்டுப் போகாதீர்கள்.