கட்டபொம்மன் காலத்துத் துப்பாக்கி

எங்கள் அம்மா பிறந்த வீட்டில், கோவில்பட்டிப் பக்கம், ஒரு துப்பாக்கி இருக்கிறது. நிறுத்தினால் என் தோளுக்கு வரும். எடை நாலு கிலோவுக்கு மேல். கட்டபொம்மன் படையிலிருந்த ஒருவர் வெள்ளைக்காரனிடம் பறித்து எங்கள் முப்பாட்டனார் கையில் ஒப்படைத்தது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆதாரம் கேட்டால் மாமா துப்பாக்கியையே காட்டுவார். "கண்ணு முன்னாடி நிக்குல்லா, இன்னும் என்னலே ஆதாரம்?"

ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும், தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் சில வாரம் தங்கல். இதற்கு மேல் அதற்கு வேலை கிடையாது. தாத்தா காலமான பிறகுதான் வம்பு. உரிமத்தை மாமா பெயருக்கு மாற்ற வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றியெல்லாம் விசாரிப்பதில்லை. என்ன வகை, என்ன எண், குழலின் துளை எத்தனை என்று விண்ணப்பம் கேட்டது. பழைய உரிமத்திலோ வாய்வழி மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் என்பதோடு சரி. பழைய ஆயுதங்களைப் பற்றிய புத்தகங்களில் நான் காசைக் கரியாக்குகிறேன் என்று சொந்தக்காரர்களுக்கு நெடுநாள் மனக்குறை. அந்தக் கரிக்கு அன்று மரியாதை வந்தது.

இத்தகைய துப்பாக்கியில் முத்திரை தேடுவதற்கு முன் மருந்து தேட வேண்டும். யாராவது கெட்டித்து வைத்துவிட்டுச் செத்துப்போயிருப்பார்கள். கறுப்பு மருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் வெடிக்கும். குழலின் வாய்க்குள் கம்பியை விட்டு, எவ்வளவு போகிறது என்று குறித்து, வெளியே வைத்து அளக்க வேண்டும். அளந்தேன். நாலு விரற்கடை இடித்தது. அத்தை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். மாமா தூணுக்குப் பின்னால் நின்று தைரியம் சொன்னார். தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, வாய்க்கு நேரே நிற்காமல் நோண்டியதில் குளவிக்கூடு வந்தது.

அடுத்தது பூட்டுத் தகடு. குதிரை பொருத்தியிருக்கும் அந்த இரும்புத் தகட்டில்தான் ஜாதகமே இருக்கும். மாமா மகன் வருஷா வருஷம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பாதியை அழித்துவிட்டான். மிச்சப் பள்ளங்களில் பூஜைக் குங்குமம் இறங்கி இறுகியிருந்ததால் எழுத்துகள் சிவப்பாகத் தெரிந்தன. ஒரு கிரீடம். அதன் கீழே ஆங்கிலத்தில் வி.ஆர். இன்னொரு பக்கம் 1860, டவர்.

"வி.ஆர்.னா வீரபாண்டிய ராஜா" என்றார் மாமா.

விக்டோரியா மகாராணி என்றேன். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799இல். இந்த அம்மாள் பிறந்ததே 1819இல். போதாததற்கு, கட்டபொம்மன் காலத்துத் துப்பாக்கி சக்கிமுக்கிக் கல் உரசி வெடிப்பது. இதில் குதிரை அடிப்பது ஒரு சின்னக் கேப்பின் தலையில். பிரிட்டிஷ் படைக்கு அந்த ஏற்பாடு வந்து சேரவே 1840 ஆகிவிட்டது.

மாமா கொஞ்சம் யோசித்தார். "அப்போ சிப்பாய்க் கலகம்."

"அது 1857, மாமா. இது செஞ்சதே 1860."

"நம்ம ஊருக்கு வந்து சேர மூணு வருஷம் ஆகாதா?"

கலகத்தை அவர் இழுத்ததும் நல்லதாகப் போயிற்று. அதைக் கிளப்பிவிட்டதில் பங்குள்ள கொழுப்புத் தடவிய தோட்டா, 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளுக்கானது. அதன் குழலுக்குள் மூன்று வரிப்பள்ளங்கள் சுற்றிக்கொண்டு போகும். குண்டு சுழன்று நேராகப் பாயும். கலகம் அடங்கியதும் வெள்ளைக்காரன் உட்கார்ந்து யோசித்தான். நாட்டுச் சிப்பாய்க்குத் துப்பாக்கி கொடுக்காமலும் முடியாது. கொடுத்தால் குறி பார்த்துச் சுட்டுவிடுவான். அதனால் பார்வைக்கு அதே என்ஃபீல்டு, உள்ளே வரி மட்டும் கிடையாது. தூரத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்கும் குறிமுள்ளும் கிடையாது. அசையாத ஒரு கட்டை. வெள்ளைச் சிப்பாயின் குறிமுள் 900 கஜம் வரை ஏறும். இவன் சுட்ட குண்டு 100 கஜம் தாண்டினால் எங்கே போகிறது என்று அந்தக் குண்டுக்கே தெரியாது. சந்தேகத்தை அளவெடுத்து, பட்டறையில் கொடுத்து, பொருளாகவே செய்து வாங்கிய அரசாங்கம் அது. இவ்வளவு நாசூக்கான அவமானத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். குழலுக்குள் ஒரு வரி இல்லை, வழவழவென்று இருந்தது.

"அப்போ இது ரைஃபிளே இல்லையா?" மாமாவின் குரல் இறங்கிவிட்டது. மஸ்கட்தான் என்றேன். கட்டபொம்மன் போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். சம்பந்தி வீட்டில் ரைஃபிள் என்று சொல்லியிருந்தாராம்.

அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. குழலிலும் பித்தளைப் பூண்களிலும் குட்டிக் குட்டிக் கிரீடங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ராஜா பரிசோதித்த அடையாளம் என்றார் மாமா. பரிசோதித்தது உண்மைதான், ராஜா இல்லை, மேற்பார்வையாளர். தாலுகா ஆபீஸ் ஃபைலில் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சுருக்கொப்பம் விழுவதுபோல, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒருவர் பார்த்து, கிரீடமும் தன் எண்ணும் குத்துவார். அடிக்கட்டைப் பித்தளையில் பி என்ற ஆங்கில எழுத்தும் 47ம் இருந்தன. முப்பாட்டனார் சுட்ட வெள்ளைக்காரர்களின் எண்ணிக்கையாக அந்த 47ஐ மூன்று தலைமுறை சொல்லிவந்திருக்கிறது. பி கம்பெனியில் 47ஆம் துப்பாக்கி, அவ்வளவுதான்.

இதுவும் போலியோ என்று ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. கைபர் கணவாய்ப் பக்கம், தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் கையாலேயே நகல் துப்பாக்கி செய்வார்கள். ஆங்கிலம் தெரியாமல் எழுத்தைப் பார்த்துக் குத்தியதில் சிலவற்றில் என்ஃபீல்டின் 'என்' திரும்பி நிற்கும். 1901இல் செத்த விக்டோரியாவின் முத்திரைக்குக் கீழே அதற்குப் பிந்திய வருஷம் இருக்கும். மாமாவுடையது அப்படியில்லை, அசல் என்று சொன்னதும் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியது. அந்தத் தெம்பில் கட்டையின் ஓரத்தில் ஒரு நட்சத்திரத்தைக் காட்டினார். வீரப் பதக்கமாம்.

அது நட்சத்திரம் இல்லை. பிரிட்டிஷ் அரசின் சொத்துக்கெல்லாம் அகன்ற அம்புக்குறி போடுவார்கள். அரசு அந்தப் பொருளைக் கழித்து வெளியே விற்கும்போது, முனையோடு முனை முட்டுகிற மாதிரி எதிரே இன்னொரு அம்பு. இரண்டும் சேர்ந்தால் நட்சத்திரம். முப்பாட்டனாரோ, அவருக்கு விற்றவரோ, காசை எண்ணிக் கொடுத்துத்தான் இதை வாங்கியிருக்க வேண்டும்.

மாமா எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"பாத்தியா மருமவனே, விக்டோரியா மகாராணி முடைப்பட்டு வீட்டுச் சாமானை வித்தப்போ, கை கொடுத்தது நம்ம பாட்டன்."

விண்ணப்பத்தில், ஆயுதம் வந்த விதம் என்ற இடத்தில் அதை அப்படியே எழுதச் சொன்னார். நான் 'பரம்பரை' என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன்.