கோட்டைக்குள் இருப்பவர்

கேள்வி: ஆலோசனைக்கு வந்தவர் செஞ்சிக் கோட்டையைப் போல இறுகி, வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால் பயிற்சி ஆலோசகர் என்னதான் செய்வது? (செஞ்சி வாசகர்)

பதில்: முற்றுகை மட்டும் கூடாது, 1690இல் செஞ்சியை வளைத்த முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1698இல்தான் கோட்டையைப் பிடித்தார், அவர் தேடி வந்த மராட்டிய அரசர் ராஜாராமோ அதற்குள் நழுவிவிட்டார் (அதிகம் துருவப்படுபவர் அடுத்த வாரம் ஆலோசனைக்கு வராததும் இதே வகைதான்). வந்தவரின் இறுக்கமும் ஒரு கோட்டைச் சுவர்தான்: தாங்க முடியாத அச்சத்தையும் வெட்கத்தையும் மனம் தன்னையறியாமல் மறைத்துக்கொள்ளும் வழிகளை உளவியல் தற்காப்பு உத்திகள் என்கிறது. சிக்மண்ட் பிராய்டு தொடங்கிவைத்த இக்கருத்தை அவர் மகள் அன்னா 1936இல் நூலாக வகுத்தார். நடந்ததை நடக்கவேயில்லை என்பது மறுப்பு, மேலதிகாரி மீதுள்ள கோபத்தை வீட்டுச் சோற்றுத் தட்டில் காட்டுவது இடமாற்றம்.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையுச்சிக்குச் சற்று முன்னால் ஆழமான பாறைப் பிளவு ஒன்று உண்டு. அதன் மேலிருந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் எவ்வளவு பெரிய படையும் இக்கரையிலேயே நிற்க வேண்டியதுதான், பாலத்தைத் திரும்பப் போடுவதோ உள்ளிருப்பவர் விருப்பம். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் வலியுறுத்திய நிபந்தனையற்ற ஏற்பு, அதாவது வந்தவரை எடைபோடாமல் அப்படியே மதிப்பது, உள்ளிருப்பவர் அந்தப் பாலத்தைப் போடும்வரை இக்கரையில் காத்திருப்பதுதான். ஆனால் காத்திருப்பவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பது அக்கரைக்கு நன்றாகவே தெரியும்.