கைவேலை மாமா

தங்கச்சிமடத்திலிருந்து கீழக்கரை வரைக்கும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். பணி ஓய்வு பெற்றவர், பெரும்பாலும் வாத்தியார். சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்த இடத்தில் இப்போது ஃபெவிகுவிக். பண்டிகைக்குக் கடையில் வாங்கிக் கொடுப்பது அவரைப் பொறுத்தவரை லஞ்சம். கையால் செய்து கொடுத்தால்தான் அன்பளிப்பு.

இந்தக் கரையில் பண்டிகைக்குப் பஞ்சமில்லை என்பது அவருக்கு வசதி. மற்றவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. கிறிஸ்துமஸுக்குத் தங்கச்சிமடத்துப் படகுச் சம்மாட்டி வீடு, பொங்கலுக்குப் பரமக்குடிச் சம்பந்தி, நோன்புப் பெருநாளுக்குக் கீழக்கரைச் சினேகிதர். மதம் மாறினாலும் தப்ப வழியில்லை. சிப்பிக் கண்ணாடி, சோழி ஒட்டிய பேனா ஸ்டாண்டு, வலை மிதவையில் செய்த கிறிஸ்துமஸ் தாத்தா. தாத்தாவுக்குக் கண்ணாகவும் சோழியையே பதித்திருப்பார். அதைப் பார்த்த பிள்ளைகள் ஒரு வாரம் அடம்பிடிக்காமல் சோறு தின்கிறார்கள்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் ஊரே படகை இழுத்துக் கட்டும். மாமா மட்டும் சாக்கை உதறி வைப்பார். காற்று ஓய்ந்த காலையில் கரையெல்லாம் சிப்பி கிடக்குமே! ஒருமுறை அப்படி அள்ளி வந்த சங்குகளில் பாதி குடித்தனத்தோடு இருந்தன. இரவு கூடத்தில் வரிசையாக அடுக்கி வைத்ததில் ஒன்று, விடிவதற்குள் அடுப்பங்கரைக்கு நடந்து போயிருந்தது. நடக்க முடியாதவை மூன்றாம் நாள் நாற்றமாகத் தெருவுக்குப் போயின. அத்தை சங்குகளையும் சங்குக்காரரையும் சேர்த்தே திண்ணைக்கு அனுப்பினார்.

அடுத்த ஆசை பவளக் கல்லில் பூச்சாடி. எதிர்வீட்டுப் பையன்தான் தடுத்தான். "மாமா, பவளப்பாறையை 2001-லயே வனவுயிர்ச் சட்டத்துல முதல் அட்டவணையில சேத்துட்டாங்க. புலி இருக்கிற அட்டவணை. கரையில கிடந்தாலும் கை வைக்கக் கூடாது." மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவானது மாமாவுக்குத் தெரியும், பள்ளியில் பாடமே நடத்தியவர். ஆனால் புலி என்றதும்தான் உறைத்தது. அன்றிரவே கல்லைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

மாமாவின் உயிர்நாடி ஒரு கணக்கு நோட்டு. 'ராமேஸ்வரம் சங்குக் கடையில் கண்ணாடி 350 ரூபாய். நமக்குச் சிப்பி இலவசம். மிச்சம் 350' என்று எழுதுவார். பசை, வார்னிஷ், கண்ணாடிச் சில்லு, துளை போடும் மிஷின், அக்னி தீர்த்தக் கரைக்குப் போய்வந்த ஆட்டோ எதுவும் நோட்டில் ஏறாது. கேட்டால், "அதெல்லாம் முதலீடு." வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்து, "எட்டாயிரம் மிச்சம் பிடிச்சிருக்கேன்" என்று அறிவித்தார்.

"நல்லதாப் போச்சு, எடுங்க. கேஸ்காரன் வாசல்ல நிக்கிறான்" என்றார் அத்தை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாமா கட்டும் நட்சத்திரம் அருமை. மூங்கில் பிளாச்சை வளைத்து, கலர் தாளைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டி, உள்ளே பல்பை எரியவிட்டால் கடைச் சரக்கு கிட்ட வராது. மார்கழிப் பனியில் தெருப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு முனை பிடிப்பார்கள். அங்கே நோட்டும் கிடையாது, கணக்கும் கிடையாது. இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

நிறுத்தவில்லை. இந்த வருடம் பனை ஓலை. பெரியபட்டினம் பக்கம் ஓலை முடையும் ஒரு மூதாட்டியிடம் போய் உட்கார்ந்தார். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை உருவி, ஒரே அகலத்தில் வகிர்ந்து, தண்ணீரில் பதமாக நனைத்துத்தான் முடைய வேண்டும். இல்லாவிட்டால் மடிக்கிற இடத்தில் முறியும். அந்தம்மா இதையெல்லாம் வாயால் சொல்லவில்லை. கை செய்துகொண்டே போனது. மாமாதான் பேசினார். பனையின் பெருமை, பிளாஸ்டிக்கின் கேடு, அந்தக்கால ஓலைச்சுவடி. அவர் சுவடியை முடித்தபோது அந்தம்மா இரண்டாவது கொட்டானை முடித்திருந்தார்.

"ஓலைகிட்ட பேசாதீங்க சார், முடைங்க."

பத்து நாள் கழித்து மாமா தன் முதல் கொட்டானை எடுத்துப் போய்க் காட்டினார். நாலு மூலையில் மூன்றுதான் மாமாவுக்குக் கட்டுப்பட்டிருந்தன. அடியில் சுண்டு விரல் நுழையும் சந்து. அந்தம்மா வாங்கி, திருப்பி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல என்னத்தப் போட்டுக் குடுக்கப் போறீங்க?"

"அன்புதாம்மா."

"அதுவும் ஒழுகிரும் சார்."